தமாயே பிடித்த மலை

குரோகோச்சி தமாயே, மிசோ என்கிற சோயா விழுது செய்யும் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவள். வருஷா வருஷம் ஜனவரியில் அவர்கள் பிரிவு பதினோரு பேரும் பனிச்சறுக்குக்குப் போவார்கள். இடம் பிடிக்கும் வேலை ஆளுக்கொரு வருஷம். யார் பிடித்தாலும் வடக்கே இருக்கிற பெரிய மலைதான். செங்குத்துச் சரிவென்றால் மேலாளர் ஹிராபயாஷிக்கு உயிர் என்று எல்லாருக்கும் நினைப்பு. அவரிடம் யார் போய்க் கேட்பது?

வேலைக்குச் சேர்ந்த எட்டு வருஷமும் தமாயே அங்கே கேண்டீனில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றதுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை உச்சியிலிருந்து அடிவரை விழாமல் வரவேண்டும். வேறு ஆசை இல்லை.

இந்த வருஷம் அவள் முறை. தேநீர் அறையில் பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்துச் சீட்டு எழுதச் சொன்னாள். பெயர் வேண்டாம். விழாமல் இறங்கக்கூடியது எது? சுலபத்துக்குப் பச்சை, நடுத்தரத்துக்குச் சிவப்பு, செங்குத்துக்குக் கறுப்பு.

பிரித்துப் பார்த்தாள். பதினொன்றும் பச்சை. அப்படியென்றால் மேலாளருமா! சீட்டுகளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, பக்கத்து ஊர்ச் சின்ன மலையைப் பிடித்தாள்.

விஷயம் தெரிந்ததும் ஹிராபயாஷி எல்லார் முன்னாலும் எகிறினார். "என்ன குரோகோச்சி சான், பால்குடிப் பிள்ளைங்க சறுக்குற இடமாச்சே! ஊர் சிரிக்காதா?"

பச்சை எழுதிய மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சீட்டு விஷயம் அவளுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குத்தான் சார் வரமாட்டேங்குது. இந்த ஒரு வருஷம் எனக்காகப் பொறுத்துக்கங்க."

"சரி, சரி. உங்களுக்காகத்தான்!" என்றார் அவர். அப்படி இளகிய முகத்தை அவரிடம் அவள் பார்த்ததே இல்லை.

சறுக்கப் போன அன்று நல்ல வெயில். உச்சியில் நின்ற தமாயே கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓகுபோ, "என்னக்கா, கேண்டீன் கீழல்ல இருக்கு!" என்று சீண்டினான்.

"போடா, நீ முதல்ல நேரா நில்லு!" என்று சறுக்குப் பலகைகளின் நுனியைச் சேர்த்து இறங்கினாள். வளைந்தாள், மறுபடி வளைந்தாள். காற்று காதைக் கிள்ளியது. அடிவாரக் கயிறு வந்துவிட்டது. விழவில்லை!

திரும்பிப் பார்த்தால், வாத்துக் கூட்டம் மாதிரி ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வருகிறார்கள். கடைசியில் ஹிராபயாஷி, இரண்டு கையையும் விரித்து, "வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கூவியபடி வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"என்ன நிக்கிறீங்க? ஏறுங்க, இன்னொரு ரவுண்டு!"

மேலே ஏற்றிவிடும் லிஃப்டை நிறுத்தும்வரை பதினான்கு ரவுண்டு போனார்கள். கடைசி மூன்றில் தமாயேதான் முன்னால்.