காற்றுக்கு முந்திய எள்

விடிந்ததும் அச்சிரோ வயலுக்கு ஓடினாள். ஓரத்துச் செடி ஒன்றில் கீழ்க்காய் நுனி பிளந்து நின்றது. லேசாகச் சாய்த்தாள், எள் உள்ளங்கையில் கொட்டியது. பக்கத்துச் செடியிலும் அதே கதை. விளைந்துவிட்டது! குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த நொடியே வடக்கே திரும்பிப் பார்த்தாள். அங்கேயிருந்து வறண்ட காற்று கிளம்பியிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் அது பலத்துவிட்டால், வெடித்த காயெல்லாம் மண்ணில்தான் கொட்டும்.

போருக்கு முன் அவர்கள் ஊரான மக்வி வட்டாரத்தில் இந்தச் சிற்றெள் இல்லாத வீடு கிடையாது. சண்டை வந்து ஊரே எல்லை தாண்டி உகாண்டா முகாமுக்குப் போனபோது விதையும் போயிற்று. அச்சிரோ மட்டும் தன்னிடம் மிஞ்சியதை முகாமில் குடிசைச் சுவரை ஒட்டி, பாத்திரம் கழுவிய நீர் வடியும் இடத்தில், ஒரு முழ அகலத்துக்கு விதைத்தாள். அறுத்ததை அடுத்த வருஷம் மறுபடி விதைத்தாள். ஒரு மணியையும் வாயில் போட விடமாட்டாள். குழம்புக்குக் கூடக் காணாத எள்ளுக்கு இத்தனை உபசாரமா என்று அடுத்த குடிசை லமுனு கேலி செய்வாள்.

ஊர் திரும்பியபின் அந்தக் கேலி நின்றது. லாரியில் வந்த நிவாரண விதை பருவம் தப்பி வந்தது. மறு வருஷம் வருமா என்று கேட்டால் கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை. வயல் வேலையைச் சேர்ந்து செய்யும் அலெயாக் குழுப் பெண்கள் கூடிப் பேசினார்கள். அச்சிரோவின் விதை முழுவதையும் அவள் வயலிலேயே பெருக்குவது, அறுத்ததும் ஆளுக்கொரு கூடை விதைக்கு எடுத்துக்கொள்வது, இனி லாரிக்காகச் சாலையைப் பார்த்து நிற்பதில்லை என்று முடிவாயிற்று. அலெயாவில் கூலி கிடையாது. முறை வைத்து ஒவ்வொருத்தி வயலிலும் எல்லாரும் சேர்ந்து இறங்குவார்கள். முறைக்காரி சோளக் கள் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

முறை பேசியபோதுதான் அச்சிரோ தப்புச் செய்தாள். ஊர் விதையை வைத்திருப்பவள் முதல் முறை கேட்டால் பேராசைக்காரி என்பார்கள். அதனால் கடைசி முறையைக் கேட்டு வாங்கினாள். முகாமில் இந்த எள் எப்போதும் தாமதமாகத்தான் முற்றும். நாள் இருக்கிறது என்று நம்பினாள். அது சுவர் நிழலும் கழுநீரும் செய்த தாமதம். திறந்த வெயிலில் இப்போது எல்லார் பயிரையும் முந்திக்கொண்டது.

இன்று லமுனுவின் முறை. அவள் வாசலில் பெண்கள் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார்கள். கள் பதமாகப் பொங்கிக் குடங்களில் நுரைத்துக்கொண்டிருந்தது.

"வா, அச்சிரோ. கையில அரிவாளைக் காணோம். குடிக்க மட்டும் வந்தியா?" என்றாள் லமுனு.

அச்சிரோ கையை விரித்தாள். லமுனு இரண்டு எள்ளை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். முகம் மாறியது.

"காய் வெடிச்சிருச்சு. உன் முறையை இன்னிக்கு எனக்குக் குடுடி" என்றாள் அச்சிரோ.

"கடைசி முறை கேட்டது யாரு?"

"நான்தான். நல்ல பேரு வாங்கலாம்னு பார்த்தேன்."

"இப்ப அந்தப் பேரு போனாப் பரவாயில்லையா?"

"போகட்டும். விதை இருந்தாப் போதும்."

தன் சோளக்கதிர் இன்னும் சில நாள் நிற்கும், கள் நிற்காதே என்றாள் லமுனு. நாளைக்கு அது புளித்துவிடும். கள் இல்லாமல் முறைக்கு ஆள் கூப்பிடுவதும் அந்தக் குழுவில் வழக்கமில்லை. அச்சிரோ வீட்டிலோ சோளம் ஊறவே போடவில்லை. அச்சிரோவின் காது காற்றின் பக்கமே இருந்தது.

லமுனு எழுந்தாள். தலைத்துணியைச் சும்மாடாகச் சுற்றினாள். "தூக்குங்கடி குடத்தை. கள்ளு எங்க போகுதோ அங்கதான் இன்னிக்கு வேலை. ஆனா யாரு கேட்டாலும் இது லமுனு கள்ளுன்னு சொல்லணும்."

புதர்ப் பாதையில் குடங்கள் வரிசையாக ஓடின. நுரை தளும்பிக் கழுத்தில் வழிய, பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டே ஓடினார்கள். வயலோரத்தில் எள் கட்டுகளைச் சாய்க்க மூங்கில் சட்டம் கட்டிக்கொண்டிருந்தான் அச்சிரோவின் கணவன் ஒரியெம். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான்.

"உன் எள்ளுக்குத்தான் மச்சான். வடக்கேயிருந்து ஒரு திருடன் பொண்ணைத் தூக்க வர்றான். நீ இன்னும் பந்தலே போட்டு முடிக்கலை" என்றாள் லமுனு. ஒரியெம் பல்லால் கயிற்றை இறுக்கிக்கொண்டு வேகமாகக் கட்டினான்.

காற்று வரும் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். செடியைச் சாய்க்காமல், ஒரு கையால் தண்டைப் பிடித்து அடியில் அறுக்க வேண்டும். அறுத்ததை நிமிர்த்தியபடியே கொண்டுபோக வேண்டும். அச்சிரோ எல்லார் பின்னாலும் ஓடி, சாய்ந்த கையையெல்லாம் நிமிர்த்தினாள். முகாமிலிருந்து கொண்டுவந்த தார்ப்பாயைச் சட்டத்தடியில் விரித்தாள். கட்டுகள் தலை மேலாகச் சாய்ந்து நின்றன. உதிர்ந்தது தார்ப்பாயில் விழுந்தது; யாருக்கும் வருத்தமில்லை. நடுவில் ஒருத்தி குடத்தடிக்கு ஒதுங்கியபோது, லமுனு அரிவாளைக் காட்டியே அவளைத் திருப்பி அனுப்பினாள்.

கடைசி மூலையை எட்டுமுன் காற்று வந்துவிட்டது. அந்த மூலையில் நின்ற செடிகள் தலையை ஆட்டி ஆட்டி எள்ளைத் தூவின. அச்சிரோ அங்கே பாய்ந்து கைக்கு வந்ததை அணைத்து அறுத்தாள். கொஞ்சம் போயிற்று. சட்டத்தில் கட்டியது அசையவில்லை.

கட்டுகள் காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார்கள். சரசரவென்று எள் கொட்டிக்கொண்டே இருந்தது. தட்டத் தட்ட வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எல்லாருடைய கூடையும் நிரம்பியது. அதற்குப் பிறகும் தார்ப்பாயில் குவியல் இருந்தது.

அச்சிரோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இரண்டு கை நிறைய அள்ளி ஓட்டில் போட்டு வறுத்தாள். எள் பொரிந்து துள்ளியது. சூட்டோடு சூடாகக் கல்லில் எண்ணெய் கசியும்வரை அரைத்து, வெந்த மரவள்ளிக்கிழங்கோடு நடுவில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த எள்ளை அவள் தின்னக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

லமுனு கிழங்கைத் தொடவில்லை. விரலால் கல்லை வழித்து நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் வறு" என்றாள்.