காப்புக் கட்டிய கையோடு கணித முகாமுக்கு

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முன் என் பேத்தியிடம் ஒரு பொய் சொன்னேன். கணித முகாமில் இடம் நிரம்பிவிட்டது என்றேன். நிரம்பவில்லை. அவளுக்கு இடம் கிடைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். வர முடியாது என்று பதில் சொன்னவன் நான்.

தமிழ்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொய் சொன்ன பிள்ளைகளை எத்தனையோ முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அதனால் சுற்றி வளைக்காமலே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோலா சாவா பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மருமகள் செனவாங் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறாள். பதினொரு வயதுப் பேத்தி பெரும்பாலும் என்னோடுதான். லோரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழங்களைப் பொறுக்கி வந்து வாசல் சிமெண்டில் அடுக்குவாள். ஒரு பழம். அதன் இரண்டு பக்கமும் மூலையுமாக மூன்று. அதைச் சுற்றி ஐந்து, பிறகு ஏழு. "ஒத்தப்படை நம்பரா வரிசையாக் கூட்டிக்கிட்டே போனா எப்பவும் சதுரம்தான் தாத்தா வருது" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. நானும்தான்.

விடுமுறைக்கு அவளை எங்கே அனுப்புவது என்று பேச்சு வந்தது. ஒன்று, கோலாலம்பூரில் தங்கிப் படிக்கும் கணித முகாம். மற்றது, சிரம்பானில் ஒரு டியூஷன் சென்டர் நடத்தும் பகல் வகுப்பு. மருமகளுக்கு முகாம்தான் வேண்டும். அவள் வேலை நேரத்தில் கைப்பேசியை எடுக்க முடியாது என்பதால் முகாமுக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

முகாம் நடக்கும் நாட்களில்தான் எங்கள் மாரியம்மன் திருவிழாவும். பேத்திக்குப் பால்குட வேண்டுதல் இருந்தது. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் போய்ப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். கோயில் தலைவராக இருந்தபோது அந்தச் சட்டத்தை ஆண்டுதோறும் மைக்கில் படித்தவன் நான். பதவியை விட்ட பிறகும் பரிவட்டம் முதலில் என் தலைக்குத்தான் கட்டுவார்கள். என் வீட்டுப் பிள்ளையே எல்லை தாண்டித் தூங்கினால் அந்தத் துணி என் தலைக்கு வராது. என் மனதில் இருந்தது இவ்வளவுதான். பக்தி என்று சொல்லிக்கொண்டால் அது இன்னொரு பொய்.

காப்புக் கட்டினாள், பகல் வகுப்புக்கும் போனாள். முதல் நாளே பழைய தேர்வுக் கேள்விகளைக் கொடுத்தார்களாம். ஒற்றை எண்களைக் கூட்டும் கணக்குக்குச் சதுரம் வரைந்து விடை எழுதியிருக்கிறாள். விடை சரிதான். சொன்ன வழியில் செய்யவில்லை என்று குறுக்கே சிவப்புக் கோடு. அன்று மாலை பழங்களை அடுக்கவில்லை.

"கேம்புல எடம் கெடச்சவங்க எல்லாம் என்ன விடக் கெட்டிக்காரங்களா தாத்தா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கு எடம் இல்லன்னா அப்படித்தானே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மருமகள் வேலை முடிந்து வந்ததும் இருவரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். பேத்தி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மருமகள் சத்தம் போடவில்லை. "வேணாம்னு நேரா சொல்லியிருந்தா ஒங்களோட சண்ட போட்டிருப்பேன் லா மாமா. எடம் இல்லன்னு சொன்னீங்க. நம்ம புள்ளைக்கு அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டேன்."

மறுநாள் காலையில் முகாமுக்குப் போன் செய்து, தவறு என்னுடையது என்றேன். ஒரு பிள்ளை வரவில்லை, மறுநாள் மாலைக்குள் அழைத்து வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

சொல்லாமல் அழைத்துப் போயிருக்கலாம். திருட்டுத்தனம் ஒருமுறை செய்தது போதும். அன்று மாலைப் பூசைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். இப்போதைய தலைவர் என்னிடம் படித்தவர், சொந்தமாக லோரி வைத்திருப்பவர்.

"சார், வெளிய தூங்கக் கூடாதுன்னு மைக்குல கத்துனது யாரு? நீங்கதானே லா."

"நான்தான். இப்ப மீறுறதும் நான்தான்."

"அப்ப காப்ப அவுத்துட்டு அனுப்புங்க. வேண்டுதல அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அவுக்க மாட்டா. வெரதத்தோடதான் போறா. ஆத்தாவுக்குக் கோலாலம்பூருக்கு வழி தெரியாதா?"

பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் சிரிக்கவில்லை. "பரிவட்டத்துக்கு வேற ஆளப் பாக்க வேண்டி வரும் சார்."

"பாருங்க. வழுக்கத் தலையில அது எப்பவும் நழுவிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

மறுநாள் மூவரும் என் பழைய காரில் புறப்பட்டோம். தோட்டத்து கேட்டைத் தாண்டும்போது பேத்தி மணிக்கட்டு மஞ்சளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முகாமில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண், வீட்டாரை அழைக்க எண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி தன் அம்மாவின் எண்ணைச் சொன்னாள்.

"தாத்தா நம்பர் வேண்டாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேணாம்."

எனக்கு அது வேண்டியதுதான்.

பால்குடத்துக்கு முதல் நாள் முகாம் முடிந்து காப்போடு திரும்பினாள். வரிசையில் கடைசியில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். பரிவட்டம் வேறு ஒருவர் தலையில் இருந்தது. இன்றும் சிலர் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். எல்லை தாண்டியதற்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கேட்க வேண்டியது ஒருத்தியிடம். கேட்டேன். "சரி" என்று மட்டும் சொன்னாள். பழங்களை மறுபடி அடுக்குகிறாள், ஆனால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவதில்லை.

இந்த ஆண்டும் முகாமிலிருந்து அழைப்பு வந்தது, மருமகளின் கைப்பேசிக்கு. போவதென்று அம்மாவும் மகளும் முடிவு செய்த பிறகுதான் எனக்குத் தெரியும். இந்த ஆண்டும் அதே நாட்களில் திருவிழா. காப்பும் கட்டுவாள், முகாமுக்கும் போவாள். தலைவர் மைக்கில் சட்டத்தைப் படிக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு, எல்லாரும் பார்க்கக் கார் சாவியை எடுப்பேன்.