அறுநூற்று ஐம்பத்து மூன்று வருடக் குடித்தனம்

ஜப்பான்காரன் காலத்தில், மலாக்கா வாடகைத் தீர்ப்பாயத்தின் இரண்டு மூத்த நீதிபதிகளுக்கும் நல்லையாதான் அந்தரங்கச் செயலாளர். அவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்வார். சொல்ல மறந்ததையும் சேர்த்துக்கொள்வார்.

ஒருநாள் மேலிடத்து உத்தரவு வந்தது. இனி ஜப்பானிய ஆண்டுக்கணக்கு மட்டுமே செல்லுமாம். 1943 ஒரே நாளில் 2603 ஆகிவிட்டது.

மறுநாள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார் என்று காஜா பேராங்கிலிருந்து பாக்கியம் வந்தாள். 1950 வரை குடியிருக்கலாம் என்றது அவளுடைய ஒப்பந்தம். நீதிபதி பொன்னுதுரை விரல்விட்டு எண்ணினார்.

"இது முடிஞ்சு அறுநூத்தி அம்பத்திமூணு வருஷம் ஆச்சேம்மா!"

"ஐயா, எனக்கே நாப்பது வயசுதான்."

"அதெல்லாம் தீர்ப்பாயத்துக்கு வேண்டாம். காலி பண்ணுங்க."

மற்ற நீதிபதியும் தலையாட்டினார். நீதிபதிகளைத் திருத்துகிற செயலாளருக்கு மறுநாள் நாற்காலி இருக்காது என்பது நல்லையாவுக்குத் தெரியும்.

"கோப்புக்குப் புது முறைப்படி ஒரு நகல் வேணும் ஐயா" என்று எழுந்துபோய், 1950 இருந்த இடத்தில் 2610 என்று தட்டிக் கொண்டுவந்து வைத்தார்.

பொன்னுதுரை படித்தார். முகம் மலர்ந்தது.

"இன்னும் ஏழு வருஷம் இருக்கே! இந்தத் தாளை முதல்லயே காட்டியிருக்கலாமேம்மா?"

பாக்கியம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.