மூன்று மீட்டர்களுக்குப் பழுதுச் சீட்டு

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அலை வாத்தியார். பாடம் நடத்தும்போது குரல் உச்சிக்கு ஏறும், அடிமட்டத்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கழுதை என்று வைக்காமல் விட்டார்களே, அதுவே பெரிது என்று தேற்றிக்கொண்டார்.

பத்தொன்பது வருஷமாக மேல் வகுப்புக்கு மாறுதிசை மின்னோட்டம் நடத்துகிறவர் வீட்டில் பல்பு மாற்றுவது மனைவிதான். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். "அதையாவது ஆடாமப் புடிங்க" என்பாள் மனைவி. பள்ளியிலும் அதே கதைதான். கரும்பலகையில் சுற்றுப்படம் வரைவார், அம்புக்குறி போடுவார், விடையும் சொல்லிவிடுவார்; கம்பியை மட்டும் தொட மாட்டார். செய்முறை வகுப்பு முழுக்க ஆய்வக உதவியாளர் லேப் அக்காவின் பொறுப்பு. 'எனக்குக் கணக்கே போதும்' என்று வெளியே சொல்லிக்கொண்டார். பயம் என்பது அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த காரணம்.

புதிதாக வந்த தலைமை ஆசிரியை அதில் மண்ணைப் போட்டார். "சார், புதன்கிழமை லேப்ல நீங்களே செஞ்சு காட்டுங்க. நான் வந்து உக்காருவேன். அதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வருஷம் மேல் வகுப்பு யாருக்குன்னு முடிவு பண்ணணும்."

மேல் வகுப்பு போனால் ஆறாம் வகுப்புக் காந்தம்தான் கதி. அலை வாத்தியாருக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. அதிலும் பாதிதான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

புதன்கிழமை லேப் அக்கா எல்லாவற்றையும் இணைத்து வைத்திருந்தார். ஒரு மின்தடை, அதற்குத் தொடராக ஒரு மின்தேக்கி, இரண்டுக்கும் சேர்த்து பத்து வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம். வோல்ட் மீட்டரின் இரண்டு முனைகளை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் படித்தால் போதும். கையை எட்ட நீட்டி வைத்தார். மின்தடையில் ஆறு வோல்ட். மின்தேக்கியில் எட்டு.

"ஆறும் எட்டும் பதினாலு" என்றார் சத்தமாக. கொடுத்ததோ பத்து. கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியை எதையோ எழுதிக்கொண்டார். இவர் அவசரமாக மீட்டரைத் தட்டினார். "மீட்டர் பழுது."

ஆசிரியர் பழுது என்றால் அந்தக் கருவிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட வேண்டும் என்பது ஆய்வக வழக்கம். லேப் அக்கா ஒட்டினார். இரண்டாவது மீட்டரும் ஆறு, எட்டு என்றது. அதற்கும் ஒரு சீட்டு. மூன்றாவதும் அதையே சொன்னது.

"இது லேப்பா அக்கா, குப்பைத்தொட்டியா?"

அக்கா மூன்றாவது சீட்டையும் ஒட்டிவிட்டு, நான்காவதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், போன வாரம் நீங்க சொல்லி எழுதின நோட்ஸ். படிக்கவா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? படித்தாள்: "மின்தடை, மின்தேக்கி இரண்டின் மின்னழுத்தங்களும் ஒரே நேரத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஆகவே அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. இது கவனமற்ற மாணவர்கள் செய்யும் தவறு."

'நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னுதான் பாத்தேன்' என்ற பழைய பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனை தடவை காப்பாற்றிய பொய்! ஆனால் மேஜைமேல் மூன்று சிவப்புச் சீட்டுகள் இருந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நெஜமாவே தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "மீட்டர் எல்லாம் சரி. இது உச்சியில இருக்கறப்போ அது சைபர்ல இருக்கு. அதான் கூட்டக் கூடாது, முக்கோணம் போடணும்." செங்கோண முக்கோணம் ஒன்று வரைந்தார். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் எட்டு. முப்பத்தாறும் அறுபத்து நாலும் நூறு. வர்க்கமூலம் பத்து.

கொடுத்த அதே பத்து. அவர் மீட்டரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "பத்தொன்பது வருஷமா நான் சொன்னது உண்மைதான் போலிருக்கே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். குரல் உச்சியில் இருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அலை வாத்தியார், லேப் அக்கா கையிலிருந்த நான்காவது சீட்டை வாங்கித் தன் சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டார். வகுப்பே சிரித்தது, அக்காவும்கூட.

தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். சீட்டைப் பிய்த்து எடுத்து அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது பழுதில்லக்கா. மேல் வகுப்புலயே இருக்கட்டும். கொஞ்சம் புழக்கம்தான் இல்ல."