அம்மா நிறுத்தாத வரி

அப்பாவின் கோயிலில் பிடித்த சாம்பிராணி மணம் அம்மாவின் குளிர்கோட்டைவிட்டு லேசில் போகாது. மத்தியானம் அவவின் சபைக்குப் போய்ச் சேர்ந்து, ரொறன்ரோவின் மோர்னிங்சைட் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் கோயிலின் "பேஸ்மென்ற்"றுக்குள், ஹீற்றர் சூட்டில் அந்தக் கோட்டைக் கழற்றும்போதுதான் அது முழுதாக வெளியே வரும். "இண்டைக்கும் பூசை கண்டிட்டோ வாறியள்?" என்று அங்கே ஒரு அன்ரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு கேட்பா. அம்மா சிரித்துச் சமாளிப்பா. எனக்கு விசர் வரும், ஏனென்றால் காலையில் மற்றக் கோயிலில் இன்னொரு அன்ரி, "உங்கடை ஆக்கள் மாதாவைக் கும்பிடுறேல்லையாமே" என்று இதே அம்மாவைப் பிடித்துக் குடைந்து முடித்திருப்பா.

அப்பா மன்னார்க் கத்தோலிக்கர். அம்மா யாழ்ப்பாணத்தில் "மிஷன்காரர்" என்று சொல்லப்படும் புரட்டஸ்தாந்துக் குடும்பம். விரும்பிக் கட்டினவர்கள், ஆளையாள் மாறச் சொல்லுவதில்லை, பிள்ளை மட்டும் அப்பாவின் பக்கம் என்று பேசி முடித்துத்தான் கட்டினவர்கள். அந்தப் பிள்ளை நான். ஆகவே ரொறன்ரோவில் என் சின்ன வயது ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இரண்டு கோயில்களுக்கு நடுவில், பழைய வான் வண்டியின் பின்சீற்றில், கையில் ஆறிப்போன இறைச்சி ரோல்ஸோடு கழிந்தன.

காலைப் பூசையில் எப்ப வரும் என்று நான் பயந்துகொண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டு. "பரலோக மந்திரம்" என்று அப்பாவும், "கர்த்தருடைய செபம்" என்று அம்மாவும் சொல்லும் அந்த ஒரே செபத்தைக் கோயில் முழுக்கச் சேர்ந்து சொல்லும். கத்தோலிக்கர் ஓரிடத்தில் நிறுத்துவார்கள், சுவாமியார் தொடர்ந்து சின்னச் செபம் ஒன்று சொல்லுவார். அம்மாவின் சபையில் அந்த இடத்தில் நிறுத்துவதில்லை, ராச்சியமும் வல்லமையும் என்று போகிற கடைசி வரி ஒன்று சேர்ந்தே வரும். பிறந்தது முதல் அப்படிச் சொல்லிப் பழகின வாய் நிற்குமா? எல்லாரும் கப்சிப் என்று நிறுத்திய பிறகு அம்மாவின் குரல் மட்டும் தனியே போய்க்கொண்டிருக்கும். முன்வரிசைத் தலைகள் திரும்பும். அப்பா உடனே இருமுவார். சளி, தடிமன் ஒன்றும் இல்லை, அம்மாவின் குரலை மூடுவதற்கான இருமல் அது. இதில் எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விஷயம் என்னவென்றால், சுவாமியாரின் சின்னச் செபம் முடிந்தவுடன் அதே கருத்துள்ள வரியைக் கோயிலே சேர்ந்து சொல்லும்! அம்மா செய்த குற்றம் கொஞ்சம் முந்திச் சொன்னது, அவ்வளவுதான்.

அடுத்தது நற்கருணை வரிசை. கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நெஞ்சில் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு போனால், அப்பத்துக்குப் பதிலாகச் சுவாமியார் ஆசீர்வாதம் தருவார். அது இங்கத்தைய வழக்கம். நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய "முதல் நன்மை" அன்று அப்பா முன்னுக்கு, நடுவில் நான், பின்னால் அம்மா. நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் ஒவ்வொரு மடிப்பும் அம்மா இருந்து தைத்தது. அப்பத்தை வாயில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அம்மா வகுப்பில் "பனிஷ்மென்ற்" வாங்கின பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றா. அம்மா அப்படி என்ன பிழை செய்தவ என்று அப்பாவிடம் கேட்டேன். "உஸ்ஸ்" என்றார்.

அன்று மத்தியானம் அம்மாவின் சபைக்குப் போகவில்லை, வீட்டில் விருந்து. அப்பாவின் தமையன், பிறம்ரனில் ட்ரக் கொம்பனி ஒன்றில் வேலைசெய்த பெரியப்பா, இரண்டாம் தரம் புரியாணி போட்டுக்கொண்டு தன் வழக்கமான கதையை எடுத்தார். "உலகத்திலை இருக்கிற வேதக்காரர் எல்லாரும் பாப்பரசருக்குக் கீழை வந்திட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. எங்கடை யாட்டிலை எத்தினை ட்ரக் நிண்டாலும் எது எங்கை போறதெண்டு சொல்லுற டிஸ்பாச்சர் ஒராள்தான். ரெண்டு பேர் நிண்டு கத்தினால் லோட் போய்ச் சேருமோ?" அப்பா தலையை ஆட்டினார். பெரியப்பாவின் தட்டில் முட்டை ஒன்றை வைத்துக்கொண்டே அம்மா சொன்னா: "அத்தான், சேருவம் எண்டு சொல்லுறியள், ஆனா நீங்கள் இருந்த இடத்திலையே இருக்கிறியள். நடக்கிறது நான் மட்டும். உதுக்குப் பேர் சேருறதோ?"

"தாய்ச்சபையை விட்டிட்டுப் போனது நீங்கள்தானே பிள்ளை" என்றார் பெரியப்பா.

"நான் எங்கை போனனான்? நான் பிறக்கேக்கையே எங்கடை சபை அங்கைதானே இருந்தது."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தா. பிறகு குசினிக்குள் போய், கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினா.

இப்போது நானும் பெரியப்பாவின் கதையை நிறையத் தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் கத்தோலிக்கத்துக்குள் ஒன்றானால் நல்லதில்லையா என்று கேட்டால், நல்லதுதான், யார் இல்லை என்றது? ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தரம் கார்க் கண்ணாடி ஐஸைச் சுரண்டினால் போதும். கலியாணம் பேசும்போது "ஆக்கள் எந்தப் பகுதி" என்ற கேள்வி இல்லை. செத்தவீட்டில் யார் செபம் சொல்லுவது என்று மூலையில் நின்று குசுகுசுக்கத் தேவையில்லை. இந்தக் குளிருக்குள் ஆளுக்கொரு பேஸ்மென்ற்றில் பிரிந்து கிடந்து பாடுகிற தமிழ்ச் சனம் ஒரு கூரையின் கீழ் தொண்டை திறந்து பாடலாம். ஊரில் கஷ்டப்படுகிறவனுக்கு ஒரு பெரிய கையாய் உதவலாம். ஆனால் மாதத்தில் ஒரு தரம் அந்த பேஸ்மென்ற்றில் அம்மா பிரசங்கம் செய்வா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வேதப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவ பேசத் தொடங்கினால் மூக்கைச் சுருக்கிற அந்த அன்ரிகூட வாயைத் திறந்தபடி கேட்பா. அப்பாவின் கோயிலில் அவ பூ அடுக்கலாம், வாசகம் வாசிக்கலாம், கூட்டலாம், துடைக்கலாம். பூசையில் பிரசங்கம் வைக்க ஏலாது, அது சுவாமிமாரின் வேலை, பொம்பிளைகள் சுவாமியாராக ஏலாது. எல்லாரும் ஒன்றாகிற அன்றைக்கு அந்த அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? டிஸ்பாச்சர் பிழையாக அனுப்பினால் எல்லா ட்ரக்கும் பிழையான இடத்துக்கல்லவா போகும் என்று பெரியப்பாவிடம் ஒருக்கால் கேட்டுப் பார்த்தேன். "வாய் நீளம், தாயைப் போலை" என்றார்.

அம்மாவின் சபையும் ஒன்றும் சோக்கில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அப்பமும் சின்னக் கிளாஸ்களில் முந்திரிகைப்பழச் சாறும் தட்டில் வரிசை வரிசையாக வரும், யாரும் எடுக்கலாம் என்று சொல்லுவார்கள். கத்தோலிக்கர் வேறு சபையில் எடுக்கக்கூடாது என்பதால் அப்பா தட்டை வாங்கி, ஒன்றும் எடுக்காமல், சூடான சட்டியைக் கைமாற்றுகிற அவசரத்தில் அடுத்தவரிடம் கொடுப்பார். முதல் நன்மைக்கு அடுத்த ஞாயிறு, இனி நானும் எடுக்கக்கூடாது என்று கண்ணாலேயே சொல்லிவிட்டார். அன்று வீடு திரும்பும்போது அம்மா வானின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "மூண்டு பேரும் ஒரு மேசையிலை ஒருக்கால் சாப்பிட்டால் என்ன வந்திடும்" என்றா. அப்பா றேடியோவைப் போட்டார். அது ஒருநாளும் நடக்கவில்லை. வீட்டில் ஒரே சட்டிச் சோற்றைத் தின்று வளர்ந்த நாங்கள் கோயிலில் மட்டும் மூன்று பேராக ஒருநாளும் சாப்பிடவில்லை என்பதை நினைத்தால், இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டு வைத்து நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும் போலிருக்கும்.

போன மாரியில் அம்மா செத்துப் போனா. அவவின் சபை அதற்கு முதலே கலைந்துவிட்டது. இளம் ஆட்கள் மார்க்கம் நகரப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போக, வெள்ளைக்காரர் அந்தக் கோயிலை விற்க, பேஸ்மென்ற் இருந்த இடத்தில் இப்போது "ரவுன்ஹவுஸ்" வரிசை நிற்கிறது. போக்கிடம் இல்லாமல் கடைசிக் காலத்தில் அம்மா அப்பாவின் கோயிலுக்கு மட்டும்தான் வந்தா. பார்த்தீர்களா, பெரியப்பா கேட்ட ஒற்றுமை எங்கள் வீட்டளவில் வந்தே விட்டது! நற்கருணை வரிசையில் மட்டும் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டுதான் போனா. அந்தச் சாம்பிராணியும் இப்போது இல்லை, யாருக்கோ அலர்ஜியாம், நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் கோட்டை முகர்ந்து பார்த்தேன், அலுமாரி மணம்தான் வருகிறது.

போன ஞாயிறு அப்பாவோடு பூசையில் நின்றேன். பரலோக மந்திரம் வந்தது, எல்லாரும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினோம். ஒரு குரல் மட்டும் நிற்காமல் போனது. கரகரத்த, அந்த வரியைச் சொல்லிப் பழக்கமில்லாத ஆம்பிளைக் குரல். முன்வரிசைத் தலைகள் திரும்பின. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவின் வரியை முடிவுவரை சொல்லி, ஆமென் போட்டார். பக்கத்தில் நின்ற பெரியப்பா அவரின் கையைச் சுரண்டினார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம்தான் வந்தது. காருக்குள் ஏறினதும் அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்: "உதை அம்மா இருக்கேக்கை ஒருக்கால் சேர்ந்து சொல்லியிருக்கலாமே, அப்பா?"

அப்பா சீற் பெல்ற்றின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவ சொல்லுவாதானே எண்டு இருந்திட்டன், பிள்ளை" என்றார்.