அல்டெரிக்கின் மூக்கு

மோங்டன் நகரில் ஒடெட் ஏணி போட்டு ஏறாத கட்டடம் குறைவு. ஒயர் இழுப்பதே அவள் பிழைப்பு. புருஷன் விட்டுப் போன மறுநாளே ஏணியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனவள். எதற்கும் கலங்க மாட்டாள். அவளுடைய ஒரே கவலை அப்பா அல்டெரிக். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் முதியோர் இல்லத்தில் கிடந்தார். யாராவது தூக்கினால்தான் கட்டிலை விட்டு இறங்க முடியும். அவர் அறைக்குப் பின்னால் சமையலறை. அதன் வாசல் கட்டடத்தின் மறுபக்கம். நடுவில் இருப்பது தீத்தடுப்புச் சுவர் என்று தெரிந்த பிறகுதான் அவரை அங்கே விட்டாள்.

அப்பாவுக்கு அங்கே ஒரு பெருமை உண்டு. சாப்பாட்டு வண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்லிவிடுவார். மீனோ, கோழியோ, வெங்காய வறுவலோ, ஒருநாளும் தப்பாது. எதிர் அறைக்காரர் பந்தயம் கட்டிக் கட்டித் தன் பங்கு கேக்கைப் பறிகொடுத்தார். ஒடெட் இதை வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் உபயோகமில்லாத ஒயர்களை உருவிக்கொண்டிருந்தார்கள். சுவரைத் துளைத்துப் போன பைப் காலியானது. கூட வேலை செய்யும் கார்னெட் அதில் மூக்கை வைத்தான்.

"அந்தப் பக்கம் காபி போடறாங்க. வாசனை வர்ற வழியில புகையும் வரும். ரெண்டு பக்கமும் அடைச்சிட்டு இறங்கு."

அவள் எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். ஆனால் கையிலிருந்த குறடு நழுவித் தரையில் விழுந்தது.

வண்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பாவின் கட்டிலுக்கு மேலே கூரைப் பலகையை நகர்த்தினாள். சுவரிலிருந்து ஒரு பைப் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் தீயைத் தடுக்கும் சிவப்புப் பசையை அத்தனை நேர்த்தியாகப் பூசியிருந்தார்கள். உள்ளே ஒரு ஒயர்கூட இல்லை. வாய் திறந்தே கிடந்தது. பின்னால் ஒயர் இழுக்க வருகிறவனுக்கு உதவட்டும் என்று யாரோ விட்டுவைத்த நைலான் கயிறு மட்டும் தொங்கியது.

பைப்பின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். வெங்காய ஆவி அடித்தது. கூடவே சமையல்காரி யூலாலியின் குரல், காதோடு பேசுகிற மாதிரி.

"கிழம் இன்னிக்கும் ஜெயிச்சிடும் பாரு. மனுஷ மூக்கா அது?"

ஏணியிலிருந்து குனிந்து பார்த்தாள். கீழே அப்பா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சுவர் சோதனையில் தேறியதுதானே என்று இல்லத்தின் மேலாளர் இழுத்தார். ஒடெட் அவரை ஏணியில் ஏற்றி மூக்கை வைக்கச் சொன்னாள். இறங்கியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் பைப்பின் இரண்டு வாயும் அடைபட்டன.

மறுநாள் அப்பா கோழி என்றார். வண்டியில் வந்தது மீன். எதிர் அறைக்காரர் இரண்டு கேக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

"என் மூக்கை என்னம்மா பண்ணின?"

"அடைச்சிட்டேன்ப்பா."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒடெட் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை. மறுபடியும் இழுத்தாள். சோப்பு வாசனை மட்டும்தான்.