வில்லிபுத்தூர்க்காரி எங்கள் வீட்டுக்குப் போனாள்

ஷெஃபீல்டில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். மேட்டுத் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் சேர்த்து ஒரு அடுப்படி, ஒரு குளியலறை. அந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் நான். எனக்குப் பிறகு நர்சிங் படிக்க நைஜீரியாவிலிருந்து ஒரு பெண்ணும், அவளுக்குப் பிறகு கோட்டயத்திலிருந்து ஒரு பெண்ணும் வந்தார்கள். நான்காவது அறை காலியாகக் கிடந்தவரைக்கும் அந்த அடுப்படி என் ராஜ்ஜியம். சனிக்கிழமை நான் சாம்பார் வைத்தால் மற்ற இருவரும் தட்டோடு வந்து நிற்பார்கள். எந்தக் கடையில் பருப்பு நன்றாக இருக்கும், எந்த பஸ்ஸை நம்பலாம், ஹீட்டரை எப்போது போடலாம் என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். ராஜபாளையத்தில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் நான். இப்படி நாலு பேர் நடுவில் முக்கியமானவளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில் நான்காவது அறைக்கு ஒருத்தி வந்தாள். எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மதுரைப் பக்கம் என்றாள். பக்கம் என்றால் எங்கே என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாள். நான் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படித்த நாலு வருஷமும் எங்கள் காலேஜ் பஸ் அவள் தெருமுனையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் போனது. அவள் வேறு காலேஜ். அவள் நின்றிருந்த பஸ் ஸ்டாப்பை ஜன்னல் வழியாக தினம் பார்த்திருக்கிறேன், அவளைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. அடுப்படியிலேயே இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் பனி விலகும்வரைகூடத் தாங்கவில்லை. அவளுக்கு மனிதர்களிடம் ஒட்டிக்கொள்ளும் வித்தை தெரிந்திருந்தது. வந்த சில நாட்களிலேயே நைஜீரியாக்காரியின் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு காலையில் அவளை அந்த பாஷையிலேயே எழுப்பினாள். கோட்டயத்துப் பெண் வீட்டை நினைத்து அழுதபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளைச் சிரிக்க வைத்தாள். ஒரு சனிக்கிழமை நான் கடையில் ஷிஃப்ட் முடித்து நனைந்துகொண்டே வந்தேன். மூன்று பேரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பாத்திரத்தில்தான் மாவு இருந்தது. எனக்கும் எடுத்து வைத்திருப்பதாக அவள் சொன்னாள். பசி இல்லை என்று சொல்லிவிட்டு மேலே போய், பையில் கிடந்த பிஸ்கட்டைத் தின்றேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் அம்மா விஷயத்தில்தான்.

ஒருநாள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "நல்லாருக்கியளா பெரியம்மா?" என்றாள். அவ்வளவுதான். இங்கிலாந்தில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதில் அம்மாவுக்கு முகமெல்லாம் பல். அவள் தெரு, அவள் வீட்டு ஆட்கள், அவர்களுக்குச் சேத்தூர்ப் பக்கம் சொந்தம் உண்டா என்று விசாரணை நீண்டுகொண்டே போனது. போன் என் கையில் இருந்தது, பேச்சு என்னிடம் இல்லை. அதற்குப் பிறகு நான் கூப்பிடும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்த்தவுடன் கேட்பது, "அவ எங்கட்டி?" என்றுதான். அவள் பெரியம்மா என்று கூப்பிட்டது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆன்ட்டி என்று கூப்பிட்டிருக்கலாம். பெரியம்மா என்றால் எனக்கு அவள் தங்கச்சி முறை ஆகிவிடுகிறாள். நான் தங்கச்சி கேட்கவில்லை.

ஆவணியில் அவள் அண்ணனுக்குக் கல்யாணம். அவள் ஊருக்குக் கிளம்பினாள். நான் கடைசி ஆய்வறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன், அசைய முடியாது. பொடி, ஊறுகாய், வத்தல் எல்லாம் கட்டி வைக்கிறேன், அவளை வந்து வாங்கிக்கொள்ளச் சொல் என்றாள் அம்மா. சொன்னேன். 

கல்யாணம் முடிந்த மறுவாரம், காலை எட்டு மணிக்கு நான் ஓட்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தது. எடுத்தால் அவள் முகம். எங்கள் வீட்டு அடுப்படித் தரையில், பிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். முடி எவ்வளவு கொட்டிப்போய்விட்டது பார் என்று அம்மா அவளுக்காக அங்கலாய்த்தாள். எனக்கும் கொட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகச் சொல்லியிருப்பதாகவும், என் அறையில்தான் படுக்கிறாள் என்றும் அம்மா சொன்னாள்.

மறுநாள் அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். தேவதானத்தில் எங்கள் தென்னந்தோப்பு. அப்பா அவளை ஸ்கூட்டரில் கூட்டிப் போயிருக்கிறார். என் அப்பா பட்டாளத்திலிருந்து வந்தவர். கல்யாண ஆல்பத்தில்கூட அட்டென்ஷனில் நிற்பார். என்னிடம் அவர் பேசும் பேச்சு, சாப்பிட்டியா, காசு இருக்கா, போனை வை என்பதோடு முடிந்துவிடும். அந்த போட்டோவில் அவர் இளநீரைக் கையில் பிடித்தபடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசையில் ஒரு பல் விழுந்திருப்பது அந்த போட்டோவைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு நேரிலேயே தெரிந்திருக்கிறது. நான் பதில் அனுப்பவில்லை. அன்றைக்கு லைப்ரரியில் உட்கார்ந்து ஒரு வரியும் எழுதவில்லை.

அதன் பிறகு சில நாட்கள் வீட்டில் சரியாகப் போன் எடுக்கவில்லை. எடுத்தாலும் வீடியோ வேண்டாம், டவர் இல்லை என்பாள் அம்மா. அப்பாவைக் கேட்டால் தோப்பில் இருக்கிறார் என்பாள். வில்லிபுத்தூர்க்காரியும் என் மெசேஜுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் போட்டாள். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து எங்கோ சுற்றுகிறார்கள், எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். குற்றாலமாக இருக்கும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்தாள். பொட்டலங்களை மேசையில் அடுக்கினாள். நான் நன்றி சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டேன். ஆய்வறிக்கையைச் சமர்ப்பித்த அன்று சாயங்காலம் அவள் டீ போட்டு என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்னு சொல்லணும். பெரியப்பா இப்ப நல்லாருக்காவ. அத மொதல்ல கேட்டுக்கோ."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தோப்பிலிருந்து திரும்பும்போது சேத்தூர் தாண்டி அப்பா ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிறுத்தியிருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை. அவள் ரோட்டின் நடுவில் நின்று, தேங்காய் ஏற்றி வந்த லோடு ஆட்டோவை மறித்து, அவரைத் தூக்கி முன்னால் உட்கார வைத்து ராஜபாளையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கிருந்து மதுரை. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் துணையாக, அப்பாவை வீட்டுக்கு அனுப்பும்வரை அவளும் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கிறாள்.

"பெரியம்மாதான் சொல்லக்கூடாதுன்னாவ. நீ எழுதி முடிக்கட்டும், பொறவு சொல்லிக்கலாம்னு."

நியாயமாக எனக்குப் பயம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது அதுவல்ல. ஐசியூ வாசலில் என் அம்மாவின் பக்கத்தில் இவள் உட்கார்ந்திருந்தாள் என்ற நினைப்புதான் வந்தது. "அங்க நான்ல இருந்திருக்கணும்" என்றேன். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே போய் வீட்டுக்குப் போன் போட்டு அழுதேன். அம்மாவும் அழுதாள். அப்பா வாங்கி, ஒன்றுமில்லை, சாப்பிட்டியா என்றார்.

ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஒரே அடுப்படி உள்ள வீட்டில் அது லேசான காரியம் இல்லை. அவள் குக்கர் அடங்கும்வரை நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நைஜீரியாக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் அப்பாவைக் காப்பாற்றியவள் மேல் உனக்கு என்ன கோபம் என்று கேட்டாள். கோபம் இல்லை என்றேன். அது உண்மை. அது கோபமே இல்லை, அதற்கு அவளிடம் ஆங்கிலத்தில் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் நானே போய் அவள் அறைக் கதவைத் தட்டினேன். அப்பா அங்கே என்னதான் சொன்னார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல் என்றேன். 

"ஆட்டோல வரும்போது ஏங்கையப் பிடிச்சிருந்தாவ. ஒம் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாவ. பயப்படாத, அப்பாக்கு ஒன்னுமில்லன்னு ஒனக்குச் சொல்ற மாதிரியே எங்கிட்டச் சொல்லிக்கிட்டு வந்தாவ. நானும் சரிப்பான்னு சொல்லிட்டு வந்தேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நன்றியில் அழுதேன் என்று அவள் நினைத்திருப்பாள், அதுவும் இருந்தது. ஆனால் அப்பா என் பெயரை அப்படி ஒரு குரலில் கூப்பிட்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்காக வந்த குரலை அவள் கேட்டுவிட்டாள். அதை அவளாலும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

படிப்பு முடிந்து நான் ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை, மாதம் இருமுறை ராஜபாளையம். அவள் ஷெஃபீல்டிலேயே தங்கிவிட்டாள். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், காலையில் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணுவாள். போன வாரம் நான் வீட்டில் இருக்கும்போதே வந்தது. அப்பா கூடத்தில் உலாத்திக்கொண்டு குளிரைப் பற்றியும், தேங்காய் விலையைப் பற்றியும், தோப்பு மோட்டார் ரிப்பேர் ஆனதைப் பற்றியும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டார் ரிப்பேரான விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார், பேச்சை நிறுத்தாமல் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டார்.